முன்கண்ணாடியின் கருங்கரை

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியை உற்று நோக்குவார்க்கு, அதன் விளிம்பு நெடுகிலும் இரண்டு மூன்று விரலளவு அகன்ற கரிய பட்டையொன்று ஓடுவது புலனாகும். சேலைக்குக் கரை இட்டாற்போலத் தோன்றும் அப்பட்டை, உட்புறம் வரவரப் புள்ளிகளாகப் பிரிந்து, அப்புள்ளிகளும் சிறுத்துச் சிறுத்து மறைந்துவிடும். இஃது அழகின்பொருட்டு அமைத்ததென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டில் எம் சிறிய தந்தையாரின் வண்டிமீது, முன்னே சென்ற லாரியினின்று கல்லொன்று தெறித்து, முன்கண்ணாடி விரிசலுற்றது. மறுநாட் காலை பட்டறையொன்றில் புதுக்கண்ணாடி பதித்த முதியவர், "மாலைவரை வண்டியை எடுத்தல் ஆகாது, பசை இறுகவேண்டும்" என்றார். அன்று நண்பகலில் உறவினர் திருமணம். சிற்றப்பா சினந்தார். யாமோ அக்கரிய கரை எதற்கென்று வினவினோம். "பசையை வெயில் தின்னாதிருக்கத் தம்பி" என்பதே விடை. அவ்வொரு சொல்லே எம்மை இப்பொருளில் ஈடுபடுத்தியது.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியன்று. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரு தகடுகளுக்கிடையே, பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் அடங்கியது. அதன் கனம் பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். கண்ணாடி உடையினும் சில்லுகள் அப்படலத்தைப் பற்றி நிற்கும். இவ்வகைக் கண்ணாடிக்கு 1909ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் பிரெஞ்சு நாட்டு எடுவார் பெனடிக்டஸ் என்பார். கீழே விழுந்தும் சிதறாத குடுவையொன்றே அவர்க்கு வழிகாட்டிற்று என்பர்.

முன்னாளிற் கண்ணாடியை ரப்பர் வளையத்திற் செருகிச் சட்டத்திற் பொருத்துவர். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாசடர் வண்டியை நினைவுகூர்க. ஆங்குக் கருங்கரைக்கு வேலையில்லை. ரப்பரே விளிம்பை மூடிற்று. பின்னர்க் கண்ணாடியை வண்டியின் உடலோடே பாலியூரித்தேன் பசையால் ஒட்டும் முறை பரவியது. அப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டு இறுகுவது, வலிமை மிக்கது. ஆயினும் அதற்கொரு பகை உண்டு. ஞாயிற்றின் புறவூதாக் கதிர் நாள்தோறும் பட்டால் அது வலிவிழந்து, கண்ணாடியைப் பற்றிய பிடியை மெல்ல நெகிழ்த்துவிடும். நடுப்படலம் அக்கதிரிற் பெரும்பகுதியைத் தடுக்குமாயினும், ஆண்டுக்கணக்காக எஞ்சி வருவதும் சிறிதன்று. ஆகவே பசைக்கு நேர்மேலே கரிய திரையொன்று வேண்டுவதாயிற்று. பசையின் கோணல்மாணலைப் பார்ப்பவர் கண்ணினின்று மறைப்பதும் அத்திரையே.

கரை இடும் முறை வியப்புக்குரியது. அம்மை சாதாரண வண்ணமன்று; எளிதில் உருகும் கண்ணாடியின் பொடியோடு, குரோமியம், செம்பு முதலியவற்றின் ஆக்ஸைடுகளாகிய கருநிறப் பொருள்களைக் கலந்து குழைத்தது. நுண்டுளைத் திரைவழியே அதனைத் தகட்டின்மேல் வழித்து அச்சிடுவர். பின் 600 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் உலையிலிட, மை உருகிக் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். நகத்தாற் கீறினும் அது பெயராததன் காரணம் இதுவே.

அதே உலையில்தான் தட்டையான தகடும் இளகி வளைவு பெறுகிறது. புள்ளிகளின் மறை ஈண்டே விளங்குகின்றது. கருமை வெப்பத்தை மிகுதியாக ஏற்கும்; தெளிந்த பகுதி குறைவாக ஏற்கும். கரை சட்டென்று முடிந்தால், அவ்வெல்லையிற் சூடு சமமின்றிக் கண்ணாடி பிசகி வளைந்து, அதன்வழிக் காணும் சாலை நெளிந்து தோன்றும். புள்ளிகளைப் படிப்படியாகச் சிறுக்க வைத்தால் சூடும் படிப்படியாகவே மாறும். கண்ணுக்கு இதமாதற்கென்றே புள்ளிகள் அமைந்தன என்பாருமுளர். அதுவும் மெய்யே, எனினும் உலையின் காரணமே வலிதென்பது எம் கருத்து. பின்னோக்கு ஆடியின் அருகே காணும் புள்ளிக்கூட்டமோ, இரு வெயில் மறைப்புகளின் இடைவெளியிற் புகும் ஒளியைத் தணிக்க வந்தது.

இத்துணைப் பாடு ஒரு பசைக்காகவா எனின், ஆம். வண்டி குப்புற வீழுங்கால் கூரை நசுங்காது தாங்குவதிற் கண்ணாடிக்கும் பங்குண்டு. பல வண்டிகளில், ஓட்டுநர்க்குப் பக்கத்தே அமர்ந்தவரைக் காக்க விரியும் காற்றுப்பை, முன்கண்ணாடியிற் சாய்ந்தே அவர்பக்கம் திரும்புகின்றது. பசை நெகிழ்ந்திருந்தால் கண்ணாடி பெயர்ந்துபோம். பையும் சாய்வதற்கு இடமின்றிப் பயன்படாது.

இவற்றையெல்லாம் அன்று யாம் அறியோம், சிற்றப்பாவும் அறியார். ஆயினும் அம்முதியவர் வண்டியின் சாவியைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, மாலை ஐந்து மணிவரை தரவேயில்லை. யாம் திருமண வீட்டை அடைந்தபோது, கடைசிப் பந்தியில் இலை விரித்துக்கொண்டிருந்தார்கள்.