இணையத்தளக் கோப்புறைக்குக் கடவுச்சொற் காவல்

கல்லூரிகளும் சங்கங்களும் நூலகங்களும் இன்று தத்தமக்கென இணையத்தளங்களை அமைத்துக்கொண்டுள்ளன. அவற்றுட் பல, தமக்கெனத் தனிக் கணினி உடையனவல்ல. ஒரே சேவையகத்திற் பல தளங்கள் குடியிருக்க, ஒவ்வொன்றும் சிறு வாடகை செலுத்தி இடம்பெறும் முறையே பெருவழக்கு. இதனைப் பகிர்வு வழங்கல் என்பர். இத்தகைய தளத்தில், எல்லார்க்கும் உரிய அறிவித்தல்களோடு சிலர்க்கே உரிய ஏடுகளும் வைக்கப்படுவதுண்டு. ஆசிரியர்க்குரிய புள்ளிப் பட்டியல்கள், மாணவரின் முகவரிகள், கூட்டக் குறிப்புகள் முதலியன அத்தகையன. அவற்றை வைத்த கோப்புறையைப் பிறர் திறவாமற் காக்கும் வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். முகப்புப் பக்கத்தில் இணைப்புக் கொடாதுவிட்டால் அக்கோப்புறையை எவரும் அறியார் எனச் சிலர் கருதுவர். இக்கருத்துப் பொருந்தாது. முகவரியை அறிந்த ஒருவர் மின்னஞ்சலிற் பிறர்க்கு அனுப்பினாற் போதும், மறைவு ஒழிந்தது. தேடுபொறிகளை நோக்கி 'இங்கு நுழையற்க' எனக் கூறும் ரோபோட்ஸ் என்னும் கோப்பு 1994ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. அது வேண்டுகோளேயன்றித் தடையன்று. மேலும், அக்கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாமாதலின், மறைக்க விரும்பிய இடத்தின் பெயரை ஊரறியச் சொல்வதாகவும் அது முடியும். மறைத்தல் வேறு, பூட்டுதல் வேறு.

இனிப் பூட்டின் இயல்பை நோக்குவாம். காவலுள்ள கோப்புறையிலிருந்து ஒரு பக்கத்தை மேலோடி கேட்கின்றது. சேவையகம் பக்கத்தைத் தாராது, 401 என்னும் எண்ணை விடையாக அனுப்புகின்றது. 'நீர் யார் என்பதை முதலிற் கூறும்' என்பது அவ்வெண்ணின் பொருள். உடனே மேலோடி ஒரு சிறு பெட்டியைக் காட்டிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற்று, அவற்றோடு பக்கத்தை மீண்டும் கேட்கின்றது. பொருந்தினால் வாயில் திறக்கும். இம்முறைக்கு 'பேசிக்' என்று பெயர். 1996ஆம் ஆண்டு வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 ஆவணத்திலேயே இது விளக்கப்பட்டுள்ளது.

இம்முறையின் மென்மையான இடம் ஒன்றுண்டு. பெயரும் கடவுச்சொல்லும் செல்லும்போது, 'பேஸ்64' என்னும் முறையால் வேறு எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக எழுதும் வெறும் எழுத்துமாற்றமே அது, மறைமொழியன்று. இடையிற் பிடித்தவர் எவரும் நொடியில் மீட்டுப் படிக்கலாம். இம்முறையை விதிக்கும் ஆவணங்கள் எடுத்துக்காட்டாகத் தரும் பெயர் அலாவுதீன். கடவுச்சொல்லோ அலிபாபாவின் குகையைத் திறந்த மந்திரச் சொல். ஒரு கதைத் தலைவனின் கையில் இன்னொரு கதையின் திறவுகோலைக் கொடுத்தது நகைச்சுவையோ கவனக்குறைவோ, அறிஞர் தெளிக. மேலும், ஒருமுறை மட்டுமன்று, ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் கடவுச்சொல் மீண்டும் மீண்டும் செல்லுகின்றது. ஆதலின் வழி முழுவதையும் மறையாக்கும் எச்.ரி.ரி.பி.எஸ். இன்றி இப்பூட்டை நம்புதல் தகாது. லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டு முதல் அதற்குரிய சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருவதனாற் செலவு என்னும் தடையும் இல்லை.

அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருளில் இக்காவலுக்கு இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று காவலன், மற்றையது பெயர்ப் பதிவேடு. காவலன் கோப்பின் பெயர் எச்.ரி.அக்செஸ். பெயரின் முன்னே ஒரு புள்ளி உண்டு. காக்கவேண்டிய கோப்புறைக்குள்ளேயே அது இருத்தல் வேண்டும். அதன்கண் நான்கு வரிகள் போதும். 'ஓத்ரைப்' வரி காவலின் வகை 'பேசிக்' எனக் கூறும். 'ஓத்நேம்' வரி அவ்விடத்திற்கு ஒரு பெயர் தரும். 'ஓத்யூசர்பைல்' வரி பதிவேடு எங்குள்ளது எனக் காட்டும். 'ரிக்வயர் வலிட்-யூசர்' என்பது, பதிவேட்டில் உள்ளவர் எவரையும் விடுக, ஏனையோரை மறுக்க என்னும் கட்டளை. உள்ளமைந்த கோப்புறைகளுக்கும் இக்காவல் தானே செல்லும்.

இவற்றுட் பலர் இடறுவது மூன்றாம் வரியில். அங்கு எழுதவேண்டியது இணைய முகவரியன்று. சேவையகத்தின் வட்டில் வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதை. பாதை பிழைத்தால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னரும் 500 என்னும் பிழையே தோன்றும். பதிவேட்டை மக்கள் காணும் 'பப்ளிக் எச்.ரி.எம்.எல்.' கோப்புறைக்கு வெளியே வைத்தல் நன்று.

பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரி: பெயர், முக்காற்புள்ளி, பின்னர்க் கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம். பழைய 'கிறிப்ற்' வடிவம் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே நோக்கும். ஒன்பதாம் எழுத்து எதுவாயினும் கதவு திறக்கும். 'பீகிறிப்ற்' கிடைக்குமாயின் அதனையே கொள்க. எச்.ரி.பாஸ்வேட் என்னும் கட்டளையாற் பதிவேட்டை ஆக்குவோர், அதனோடு வரும் 'சி' என்னும் குறியை முதல்முறை மட்டும் இடுக. அது புதுக்கோப்பைத் தொடங்குங் குறி. இரண்டாம் ஆசிரியரைச் சேர்க்கும்போதும் இட்டால் முதலாமவர் அழிந்துபோவார். ஆசிரியர் அனைவர்க்கும் ஒரே கடவுச்சொல் என்னும் சோம்பல் வழக்கம் விலக்கத்தக்கது. தனித்தனிப் பெயரிருந்தால், ஒருவர் மாற்றலாகிச் சென்றதும் அவர் வரியை மட்டும் நீக்கலாம்.

சீபனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகை உள்ளவிடத்து இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. 'டிரெக்டரி பிரைவசி' என்னும் பகுதியிற் கோப்புறையைத் தெரிந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் இரு கோப்புகளையும் பலகையே எழுதும். ஆயினும் அது எழுதியது யாது என அறியாதவர், பழுது நேர்ந்தவிடத்து ஒன்றுஞ் செய்ய இயலாது நிற்பர்.

பழுதுகள் சில நுட்பமானவை. என்ஜின்எக்ஸ் என்னும் சேவையகம் எச்.ரி.அக்செஸ் கோப்பை நோக்குவதேயில்லை. அங்கு அக்கோப்பை இட்டவர் பூட்டியதாக எண்ண, கதவு திறந்தே கிடக்கும். அப்பாச்சியிலும் வழங்குநர் இசைவு தந்தாலன்றி அது பயன்படாது. மற்றொன்று: மறையாக்கமில்லாத முகவரியில் வந்தவரை மறையாக்கமுள்ள முகவரிக்குத் திருப்பும் கட்டளையை எச்.ரி.அக்செஸில் எழுதுவது வழக்கம். ஆனால் அப்பாச்சி கடவுச்சொல்லை முதலிற் கேட்டு, அதன் பின்னரே திருப்புகின்றது. எனவே கடவுச்சொல் ஒருமுறை மறைப்பின்றிச் சென்றுவிடும். திருப்புதலைப் பலகையிலேயே அமைத்தல், அல்லது 'எஸ்.எஸ்.எல். ரிக்வயர் எஸ்.எஸ்.எல்.' என்னும் வரியைச் சேர்த்து மறையாக்கமில்லா வரவை அடியோடு மறுத்தல் இதற்குப் பரிகாரம். இவ்வரியை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதுதல் வேண்டும். கோப்புறையை விடுத்துத் தளம் முழுவதையும் பூட்டுவோர்க்கு வேறோர் இடரும் உண்டு. சான்றிதழைப் புதுப்பிக்க வரும் சோதனை வேண்டுகோளும் வாயிலில் மறிக்கப்பட்டுத் திரும்பலாம்.

அமைத்து முடிந்ததும், மேலோடியின் தனிச்சாளரத்திற் சோதித்தல் வேண்டும். கோப்புறையின் முகவரியை மட்டுமன்றி, உள்ளிருக்கும் ஒரு கோப்பின் முழு முகவரியையும் கொடுத்துப் பார்க்க. ஏற்கெனவே நுழைந்த மேலோடி, மூடப்படும்வரை கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்குமாதலின் சாதாரணச் சாளரம் நம்மை ஏமாற்றும். இம்முறையில் வெளியேறும் பொத்தான் என ஒன்று இல்லை. ஆசிரியர் அறையிற் பலரும் பயன்படுத்தும் கணினியிற் புள்ளிப் பட்டியலைப் பார்த்தவர் மேலோடியை முற்றாக மூடாது எழுந்து சென்றால், அடுத்து அமர்பவர்க்கும் அக்கதவு திறந்ததே.

இப்பூட்டு வலைவழி வருவோரை மட்டுமே தடுக்கும். எப்.ரி.பி. வழியாகவோ பலகையின் கோப்பு மேலாளர் வழியாகவோ வருவோர் இதனைக் காண்பதில்லை. தளத்தின் வேறோரிடத்தில் இயங்கும் பி.எச்.பி. நிரலும் இவ்வாயிலைத் தீண்டாமலே உள்ளிருக்கும் கோப்பை வாசிக்க வல்லது. ஆதலின் பலகைக்குரிய கடவுச்சொல்லை ஆசிரியர் அனைவர்க்கும் பகிர்ந்துவிட்டு, கோப்புறைக்கு மட்டும் காவலிடுதல் பயன் தராது.