பெயரில் நிலைத்த பூமி

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் செல்பவன், அவ்வூர்ப் பந்தாட்டக் கோஷ்டியின்மீது வைத்த அபிமானத்தையும் அங்கேயே விட்டுவிட்டுச் செல்ல வேண்டுமா? விளையாட்டு விஷயத்தை இப்பக்கத்தில் விவாதிப்பது தகுமா என்று சில அன்பர்கள் வினவக்கூடும். தகும் என்பதே நமது கட்சி. ஒரு மனிதன் எதை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறான், எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறான் என்பதைக் கொண்டே அவனுடைய உள்ளத்தை அளவிட முடியும். வீடு, நிலம், தொழில் ஆகிய யாவற்றையும் இழந்த பின்னரும், ஒரு பந்தாட்ட சங்கத்தின் பெயரை மட்டும் விடாது பற்றி நின்ற ஜனசமூகம் ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. கல்கத்தா நகரத்து ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் சரித்திரம் அச்சமூகத்தின் சரித்திரமேயாகும்.

அச்சங்கம் ஓர் அவமதிப்பிலிருந்து பிறந்தது. 1920-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி, ஜோராபகான் சங்கத்துக்கும் மோகன் பகான் சங்கத்துக்கும் நடந்த பந்தயத்தில், சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை ஜோராபகான் நிர்வாகிகள் விலக்கி வைத்தனர். அதன் உபதலைவராயிருந்த ஸ்ரீ சுரேஷ் சந்திர சௌதுரி ஆட்சேபித்தார். ஆட்சேபம் பயன்படாமற் போகவே அவர் அச்சங்கத்தினின்றும் விலகி, நண்பர் சிலருடன் சேர்ந்து ஆகஸ்டு 1-ஆம் தேதி புதுச் சங்கமொன்றை ஸ்தாபித்தார். கிழக்கு வங்கத்திலிருந்து உத்தியோகத்துக்கும் கல்விக்குமாகக் கல்கத்தாவுக்கு வந்தவர்களை நகரத்தார் ‘பாங்கால்’ என்று அழைத்து, அவர்களுடைய பேச்சையும் பழக்கவழக்கங்களையும் பரிகசித்து வந்த காலம் அது. எந்தப் பெயரைச் சொல்லி இகழ்ந்தார்களோ அந்தப் பெயரையே கொடியாக உயர்த்துவதுதான் தக்க பதில் என்று ஸ்தாபகர்கள் துணிந்தனர்.

மோகன் பகான் சங்கத்தின் பெருமையை இதனால் நாம் குறைத்துப் பேசுவதாக எவரும் கருத வேண்டாம். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய முதல் இந்தியக் கோஷ்டி அதுவே. அன்று ஒருவரைத் தவிர மற்றவரெல்லாரும் வெறுங்காலுடனேயே ஆடினர் என்பதையும், அவ்வீரர்களில் பலர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இரு தரப்பாரும் நினைவில் வைப்பது நலம்.

1942-இல் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீகை முதன்முறையாக வென்றது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் தேசம் துண்டாடப்பட்டது. ராட்கிளிப் வகுத்த எல்லைக்கோடு 1947 ஆகஸ்டு 17-ஆம் தேதி பிரசுரமாயிற்று. ஷியால்டா ரயில் நிலையத்தில் அகதிகள் மூட்டை முடிச்சுகளோடு வந்து குவிந்தனர். யாதவ்பூர்ப் பக்கத்தில், யுத்தகாலத்துப் பட்டாளத்தார் காலிசெய்த இடத்திலே பிஜயகர் என்ற குடியிருப்பு எழுந்தது; அதைப்போல் இன்னும் பல எழுந்தன. மூங்கிலும் கீற்றும் கொண்டு குடிசை கட்டியவர்களுக்கு டாக்காவும் பரீசாலும் மைமன்சிங்கும் அந்நிய தேசத்து ஊர்களாகிவிட்டன. 1920-இல் ஊரை விட்டு வந்தவன் விடுமுறைக்கு ஊர் திரும்பக்கூடியவன். 1947-இல் வந்தவனுக்கோ திரும்பும் வழியே அடைபட்டது. அந்நிலையில் அவனுடைய ஊரின் பெயரைப் பதினாயிரக்கணக்கானோர் ஒருமித்து உரக்கக் கூவும் இடம் மைதானம் ஒன்றுதான். ‘கிழக்கு வங்கம்’ என்ற மாகாணப் பெயரும் 1955-இல் மறைந்து ‘கிழக்குப் பாகிஸ்தான்’ ஆயிற்று. 1971-இல் பங்களாதேசம் பிறந்தது. தேசப்படத்திலிருந்து நீங்கிய பெயரைச் சிவப்பும் பொன்னிறமுமான சட்டை அணிந்த பதினொருவர் இன்றளவும் தாங்கி நிற்கின்றனர்.

இவ்வபிமானத்தின்மீது சாட்டப்படும் குற்றங்கள் இரண்டு. முதலாவது, ஆடுபவர்கள் அந்த ஊரார் அல்லரே, பின் எதற்காக இத்தனை ஆவேசம் என்பது. உண்மைதான். சங்கத்தின் பொற்காலம் எனப்படும் 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடி, ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகளால் போற்றப்பட்ட ஐவருள் ஒருவர்கூட வங்காளியல்லர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், ஸாலே ஆகிய அனைவரும் தென்னாட்டினர். அப்பாராவ் காக்கிநாடாக்காரர்; அகமது கான் பெங்களூர்க்காரர்; ஸாலே கேரளத்தவர். இவர்கள் துணையால் 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே கிடைத்தது.

இதனால் அபிமானம் பொய்யாகிவிடவில்லை; அதன் மேன்மையே புலப்படுகிறது. மதக் கலகத்தின் கொடுமைக்கு அஞ்சி ஊரைத் துறந்து வந்த ஹிந்து அகதிகள், அகமது கானையும் ஸாலேயையும் தம் வீரர்களாகக் கொண்டாடினர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பற்று குலத்தையோ மதத்தையோ கேட்கவில்லை. எங்கள் பெயரை நீ தாங்குவாயா என்பது ஒன்றையே கேட்டது. 1997 ஜூலை 13-ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில் மோகன் பகானை 4-1 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றபோது, மூன்று கோல் போட்டவர் சிக்கிமைச் சேர்ந்த பைசுங் பூட்டியா.

இரண்டாவது குற்றம் கனமானது. வந்து குடியேறிய நகரத்திலே பழைய ஊரின் பெயரால் கட்சி கட்டுவது பகைமையை வளர்க்காதா என்பது அது. இதற்குச் சாட்சியம் இல்லாமல் இல்லை. 1980 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஈடன் தோட்டத்தில் இவ்விரு சங்கங்களின் பந்தயத்தின்போது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. இதை மறைத்துவிட்டு அபிமானத்தைப் புகழ்வது நேர்மையாகாது. தன் ஊரை நேசிப்பதற்கு அடுத்த ஊரானை வெறுத்தாக வேண்டும் என்று எவன் நினைக்கிறானோ அவன் தன் ஊருக்கே இழுக்குத் தேடுகிறான்.

ஆயினும் ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் பெண் மருத்துவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையுண்டார். நகரம் கொந்தளித்தது. 18-ஆம் தேதி நடைபெறவிருந்த டூராண்டுக் கோப்பைப் பந்தயம் ரத்து செய்யப்பட்டது. இரு சங்கத்தின் அபிமானிகளும் தத்தம் கொடிகளுடனேயே சால்ட் லேக் மைதானத்தருகே ஒன்றுகூடி நீதி கேட்டனர்; போலீஸாரின் தடியடியையும் சேர்ந்தே பட்டனர். ஹில்சா மீன் கட்சியும் இறால் கட்சியும் அன்று ஒரே கட்சியாயின. பழைய ஊரின் நினைவு புதிய ஊரின் கடமைக்கு இடையூறு செய்யாது என்பதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும்?

இப்பொழுது அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. முதலாளிகளின் பணமின்றிப் பெரிய சங்கங்கள் நடைபெற இயலாத காலம் இது. பணம் வந்தால் பெயருக்கும் முன்னொட்டு வருகிறது. 2020-இல் மோகன் பகான் வேறொரு கோஷ்டியுடன் இணைக்கப்பட்டு, அதன் பெயரின் முன்னே ‘ஏ.டி.கே.’ என்ற எழுத்துக்கள் ஒட்டப்பட்டன. அபிமானிகள் விடாமல் எதிர்த்தனர். 2023-இல் அவ்வெழுத்துக்கள் நீங்கின. ஈஸ்ட் பெங்காலும் இத்தகைய முன்னொட்டுக்களைச் சுமந்து இறக்கியிருக்கிறது. சட்டப்படி பங்கு வைத்திருப்பவனே உடைமையாளன். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தது பங்குப் பத்திரமன்று; மூன்று தலைமுறையாக அரைவயிற்றுக் கஞ்சியோடு மைதானத்துக்கு வந்து நின்றவர்களின் விசுவாசம். தர்மகர்த்தா கோயில் சொத்தைப் பராமரிப்பதுபோல் முதலாளிகள் அப்பெயரைப் பராமரிக்க வேண்டுமே யன்றி, வாங்கிய சரக்கைப்போல் பாவிக்கலாகாது.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களைப் பார்த்து, ‘இங்கே வந்துவிட்டாய், பழையதை மற’ என்று சொல்வோர் எல்லா நகரங்களிலும் உண்டு. மறந்தவன் நல்ல பிரஜையாகிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தவறு. தான் புறப்பட்ட இடத்துக்கு உண்மையாக இருக்கத் தெரிந்தவனே, தான் வந்து சேர்ந்த இடத்துக்கும் உண்மையாக இருப்பான். வந்தவன் புது ஊரின் சட்டத்துக்கு அடங்கட்டும்; அதன் சுகதுக்கங்களில் பங்குகொள்ளட்டும்; அவ்வளவைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. பந்தயத்தன்று அவன் எந்த நிறச் சட்டை அணிகிறான் என்பதை அவனுக்கே விட்டுவிடுவோம்.