சாய்தளம் மட்டும் போதாது
(தொடர் – 6)

இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் மருதமுனையிலோ நிந்தவூரிலோ மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைப் பற்றிக் கதையெடுத்தால், முதலில் வாய் திறப்பவர் மூத்தம்மாதான்: "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் கதைச்ச." அந்த ஆறுதலில் ஒரு வருடம் போய்விடும். மூத்தம்மாவில் குற்றம் இல்லை. பிள்ளையின் நிறையைப் பார்த்து அட்டையில் புள்ளி வைக்கும் கிளினிக் இந்தக் கரையோரம் முழுக்க இருக்கிறது. ஓட்டிசமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், எத்தனை நாளைக்குள் யார் அந்தப் பிள்ளையைப் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லும் சட்டம்தான் இல்லை.

கையிலிருப்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்க வந்தது. உடல் அல்லது உள ஆற்றலிலுள்ள குறைபாட்டால் வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்பது அதன் வரைவிலக்கணம். ஓட்டிசமுள்ள ஒரு சிறுவன் கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான். அவன் இதற்குள் அடங்குவானா? வாசிக்கும் அதிகாரியைப் பொறுத்தது. இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓட்டிசம் இருக்கவில்லை. 2016இல் வந்த புதிய சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதைப் பெயர் சொல்லி எழுதியது. அரச வேலை ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் கிடைத்தது.

நமது சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாடசாலை அனுமதியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கல்முனையிலேயே மேல் நீதிமன்றம் உண்டு. ஆனால் 'எடுக்கமாட்டோம்' என்று யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? "அடுத்த வருசம் பாப்பமே" என்பார்கள். எடுத்துக்கொண்டாலும், பக்கத்திலிருந்து உதவ ஓர் ஆள் தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மறுக்காதே என்று தடுப்பதோடு சட்டம் நின்றுவிடக்கூடாது. இன்ன அலுவலகம் இன்னதைச் செய்தாக வேண்டும் என்று எழுத வேண்டும்.

வலது குறைந்தோர் பொதுக் கட்டடங்களுக்குள் நுழைய வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் வருபவருக்கு சாய்தளம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஓட்டிசமுள்ள பிள்ளைக்கோ படி ஒரு தடையே இல்லை. அவனை வாட்டுவது வெளிநோயாளர் பிரிவின் இரைச்சல், எப்போது முடியும் என்று தெரியாத வரிசை, ஒவ்வொரு முறையும் மாறும் முகம். குறித்த நேரம், சத்தம் குறைந்த ஒரு மூலை, அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் படங்கள்: இவற்றுக்குச் செலவு சொற்பம். தமிழில் பேச்சுப் பயிற்சி தரக்கூடியவர்கள்தான் மிகக் குறைவு. வீட்டில் உம்மா கதைக்கும் மொழியில் கிடைக்காத பயிற்சி எப்படிப் பிள்ளையிடம் ஒட்டும்? சேவை எந்த மொழியில் என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

வலது குறைந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. உள்நாட்டுச் சட்டமாக்கும் வரை நமது நீதிமன்றங்களில் அது நேரடியாகச் செல்லாது. மாகாணத்தில் வழி தேடலாமென்றால், சமூக சேவை மாகாண விடயம்தான். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் கலைந்த பிறகு தேர்தல் காணாமலே ஆண்டுகள் கடந்தன.

இந்தக் கரையோரப் பெற்றோரை இரவில் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பதே வழக்கம். ஓட்டிசமுள்ள மகளுக்கு எழுதினால், தாய் தகப்பனுக்குப் பின் அதை யார் பார்ப்பது? மகனென்றால், எந்தச் சகோதரியின் வீட்டில் அவனுக்கு இடம்? பதினெட்டு வயதுக்குப் பின் சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிக்க வேண்டுமானால், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்குத்தான் போக வேண்டும். சித்த சுவாதீனமற்றவர் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்த்தால்தான் அந்த வழி திறக்கும். தன் பெயரை எழுதத் தெரிந்த, தனக்கு என்ன பிடிக்கும் என்று காட்டத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டு எந்த உம்மா மனுப்போடுவார்? சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, முடிவெடுக்கும் உரிமையை அவளிடமே விட்டு, அதற்குத் துணைநிற்கச் சொல்கிறது. இலங்கைக்கு வேண்டிய புதிய சட்டம் அந்தத் துணையாளரை யார், எப்படி நியமிப்பது, அவரை யார் கண்காணிப்பது என்று விவரமாக எழுத வேண்டும்.

அடுத்த வாரம்: பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகள்.