மருந்துக்கு அடங்காத கிருமி: உலகத் திட்டமும் நம் வீட்டின் பங்கும்



குடும்ப நலம் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றியது மட்டுமல்ல. பிறந்த பிள்ளை பிழைத்து வளர வேண்டும். பெற்ற தாய் நலமாக வீடு திரும்ப வேண்டும். இவ்விரண்டுக்கும் துணை நிற்பவற்றுள் ஒன்று ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்து. அந்த மருந்து இப்போது வலுவிழந்து வருகிறது. அதைக் காப்பாற்ற உலக நாடுகள் கூடித் திட்டம் போட்டிருக்கின்றன. அந்தத் திட்டம் என்ன, அதில் நம் வீட்டுக்கு உள்ள பங்கு என்ன என்பதை இப்பிரசுரம் விளக்குகிறது.

கிருமி ஏன் அடங்க மறுக்கிறது?

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. நெல்லில் புகையான் விழுந்தால் மருந்து தெளிக்கிறோம். பெரும்பாலான பூச்சி செத்துவிடும். தாக்குப்பிடித்த சில பூச்சிகள் பெருகும். ஒரே மருந்தைக் காரிலும் பிசானத்திலும் திரும்பத் திரும்ப அடித்தால், பிறகு அந்த மருந்துக்குப் பூச்சி அசையாது. நோய்க்கிருமியும் இப்படித்தான். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும், அளவு குறைத்துச் சாப்பிடும்போதும், வலுவான கிருமிகள் மிஞ்சிப் பெருகுகின்றன.

“அந்த மாத்திரை எனக்குப் பழகிப் போச்சு, இப்போ கேக்க மாட்டேங்கு” என்று சிலர் சொல்வார்கள். பழகியது உங்கள் உடம்பு அல்ல, கிருமி! அந்தக் கிருமி கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் அடுத்தவரிடம் போகும். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத பச்சிளங்குழந்தைக்கும் அது தொற்றலாம்.

யாருக்கு ஆபத்து?

பிறந்த குழந்தை, பிரசவித்த தாய், சிசேரியன் அல்லது குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்குக் கிருமி தொற்றினால் உயிர் காப்பது ஆன்டிபயாடிக்தான். அது வேலை செய்யாவிட்டால் சிறு புண்ணும் பெரும் ஆபத்தாகும். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகில் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அக்கிருமிகளோடு தொடர்புடைய எல்லா மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம்.

உலகம் கூடிப் பேசுவானேன்?

நம் தாமிரபரணியைப் பாருங்கள். பாபநாசத்தில் இறங்கும் தண்ணீர் பல அணைக்கட்டுகளைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் கடந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. தலைமடைக்காரர் செய்வது கடைமடைக்காரரைப் பாதிக்கிறது. அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். ஒரு மடைக்காரர் மட்டும் முறைக்குக் கட்டுப்பட்டு, மற்றவர் மீறினால் பயனில்லை.

கிருமிக்கும் நாட்டு எல்லை கிடையாது. 2008-இல் சுவீடன் நாட்டில் ஒரு நோயாளியிடம், மிக வலுவான மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர் முன்னதாக டெல்லியில் சிகிச்சை பெற்றவர். இதே தன்மை கொண்ட கிருமிகள் சென்னை, ஹரியானா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய இடங்களிலும் இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமி விமானம் ஏறிப் போகிறபோது, ஒரு நாட்டுச் சட்டம் மட்டும் அதைத் தடுக்க முடியுமா?

உலகத் திட்டம் என்ன சொல்கிறது?

2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு செயல்திட்டம் தந்தது. மக்களுக்கு விளக்குதல், கிருமிகளைக் கண்காணித்தல், நோய் தொற்றாமல் தடுத்தல், மனிதருக்கும் கால்நடைக்கும் மருந்தை முறையாகக் கொடுத்தல், புதிய மருந்து கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்குதல் என்பன அதன் ஐந்து நோக்கங்கள். 2016-இலும், மீண்டும் 2024 செப்டம்பரிலும் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்றே கூடியது. இக்கிருமிகளோடு தொடர்புடைய மரணங்களை 2030-க்குள் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைக்க வேண்டும் என்று 2024-இல் முடிவாயிற்று.

மருந்துகள் மூன்று வரிசையாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வரிசை, சாதாரணத் தொற்றுகளுக்கு எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது. இரண்டாவது, கவனமாகக் கொடுக்க வேண்டியது. மூன்றாவது, வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுக்கும் கடைசி இருப்பு. விதைநெல்லைக் குத்திச் சோறாக்க மாட்டோம் அல்லவா? அதுபோலத்தான் இந்த மூன்றாம் வரிசை. மனிதருக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் நூற்றுக்கு 70 பங்காவது முதல் வரிசையாக இருக்க வேண்டும் என்பது உலகத்தின் இலக்கு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மருந்தை வீணாக்கும் ஊரும் இருக்கிறது. மருந்து கிடைக்காமல் பிள்ளையைப் பறிகொடுக்கும் ஊரும் இருக்கிறது. வெறும் தடை போட்டால் இரண்டாவது ஊருக்குத்தான் கேடு. 2012 ஆகஸ்டில் சென்னையில் பல மருத்துவ சங்கங்கள் கூடி இதை ஆராய்ந்தன. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தின் முடிவுக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர். டாக்டர் இல்லாத கிராமங்களும் உள்ள நாட்டில், ஒரே நாளில் எல்லா மருந்துக்கும் கெடுபிடி செய்ய இயலாது. முக்கியமான மருந்துகளிலிருந்து படிப்படியாகத் தொடங்குவோம் என்பது அதன் வழி. ஏட்டில் மட்டும் அழகாக இருக்கும் சட்டத்தைவிட, நடைமுறைக்கு வரும் சட்டமே மேல் என்று அவர்கள் கருதினர்.

அடுத்த ஆண்டே மத்திய அரசு 46 மருந்துகளைத் தனிப்பட்டியலில் சேர்த்தது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. 2014 மார்ச் 1 முதல், இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2019-இல், கடைசி இருப்பு மருந்தான கொலிஸ்டினைக் கோழி, மீன் முதலிய வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் விற்பது தடை செய்யப்பட்டது.

நம் மாநிலத்தில் ஒரு முன்மாதிரி

1956-இல் இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுக்கள், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. முறையாக மருந்து சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே காசநோய் குணமாகும் என்று அது உலகுக்குக் காட்டியது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி மிஞ்சிவிடும் என்பதால்தான் இன்று பல மருந்துகளைச் சேர்த்து, சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் கொடுக்கிறார்கள். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துபவர், அடங்காத காசநோயைத் தன் வீட்டாருக்கும் கொடுக்கக் கூடும்.

தம்பதிகள் கவனிக்க: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். ஆகவே மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் டாக்டரிடம் சொல்லி, காப்பர்-டி போன்ற வேறு முறைக்கு மாற வேண்டும்.

சட்டத்தின் கடைமடை நம் வீடு

உலக சபையில் போட்ட தீர்மானம் டெல்லி வந்து, சென்னை வந்து, கடைசியில் வந்து நிற்பது மருந்துக்கடை வாசலிலும் நம் வீட்டுப் பெட்டியிலும்தான். வழக்கமாக நம் வீடுகளில் கேட்கும் பேச்சுகளைப் பார்ப்போம்.

“மெடிக்கல்ல போயி காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை வாங்கிட்டு வாங்க.”
கூடாது. சளி, ஃப்ளூ, டெங்கு இவையெல்லாம் வைரசால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரசைக் கொல்லாது. அந்தச் செட்டில் என்ன மாத்திரை இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

“மைனி, உங்க வீட்டுல அந்த மாத்திரை மிச்சம் இருந்தா ரெண்டு தாங்க.”
கூடாது. ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கு ஆகாது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிட்டால் மிச்சம் இருக்காது. நடுவில் நிறுத்த வேண்டுமானால் அவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

“டாக்டரம்மா, ஊசி போட்டாத்தான் கேக்கும்.”
வற்புறுத்தாதீர்கள். “இது ஆன்டிபயாடிக்கா? பிள்ளைக்கு அவசியந்தானா?” என்று கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

“பிள்ளைக்கு வயித்தால போகுது, மாத்திரை கொடுப்போமா?”
முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல், தாய்ப்பால். நர்ஸ் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

“மாட்டுக்கு மடிநோய், ஊசி போட்டாச்சு. பாலைக் கறந்து ஊத்தலாமா?”
கால்நடை டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தப் பால் வீட்டுக்கும் வேண்டாம், விற்பனைக்கும் வேண்டாம்.

நோயே வராவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதும் கிருமியைத் தடுக்கும். நிமோனியா தடுப்பூசியை 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் தவறாமல் போடுங்கள்.

தாமதிக்கக் கூடாத நேரம்

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரத்தில் தயங்குவதும் தவறே. பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டால் அல்லது சில்லிட்டால், நெஞ்சுக்குழி உள்வாங்கினால், 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், பிரசவித்த தாய்க்குக் காய்ச்சலோ நாற்றமுள்ள போக்கோ இருந்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இவர்களுக்காகத்தான் அந்த மருந்தைச் சேமிக்கச் சொல்கிறோம்.

நினைவில் வையுங்கள்:

டாக்டர் சொன்ன மருந்து, சொன்ன நாள்வரை அருந்து!
இன்று வீணாக்கும் மாத்திரை, நாளை பிள்ளைக்குக் கிடைக்காத மாத்திரை!

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகிக் கேளுங்கள். படித்தபின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.