பெயர் ஒன்று, சக்கரம் வேறு



பழைய மோட்டார்க் காரின் சக்கரம் குழியில் விழுந்து நெளிந்துவிட்டால், அதே பெயருடைய வேறோர் ஆண்டுக் காரின் சக்கரத்தை வாங்கி மாட்டலாமா என்னும் வினா எழுவது இயல்பு. நம் நாட்டில் அண்மைக் காலத்தில் இவ்வினா மிகுதியாய் எழுந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், உள்ள வண்டியையே பேணி ஓட்டவேண்டியவராயினர் மக்கள். கழற்றி விற்கப்படும் பழைய உறுப்புகளே பலருக்குக் கைகொடுத்தன.

சமவெளியில் இது பணத்தைப் பற்றிய வினா. ஊவாவிலோ உயிரைப் பற்றிய வினா. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் சாலையையும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகச் செல்லும் சாலையையும் எண்ணிப் பாருங்கள். வளைவுதோறும் வண்டியின் பாரம் ஒரு பக்கத்துச் சக்கரங்களின்மீது சாய்கிறது. இறக்கம் நெடுகிலும் தடுப்புகள் உழைக்கின்றன. தோட்டத்து லயங்களிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் இறங்கும் வண்டியின் சக்கரம் ஏறக்குறையப் பொருந்தினால் போதாது. முற்றும் பொருந்த வேண்டும்.

பெயர் ஒன்றாயிருப்பதால் சக்கரமும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளுதல் தவறு. இதற்கு நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இரு வண்டிகளே சான்று. 1959இல் வெளிவந்த மினி கார் 10 அங்குலச் சக்கரத்தோடு பிறந்தது. 1984இல் அதன் முன்தடுப்பு 8.4 அங்குல விட்டமுள்ள தட்டாக மாற்றப்பட்டது. சக்கரமும் 12 அங்குலமாயிற்று. இரண்டிலும் துளைகள் நான்கே. அவை அமைந்த வட்டமும் 4 அங்குலமே. ஆயினும் பழைய 10 அங்குலச் சக்கரத்தைப் புதிய வண்டியில் ஏற்ற இயலாது. பெரிய தடுப்புக்கு அதனுள்ளே இடமில்லை. வொக்ஸ்வாகன் பீட்டிலின் மாற்றமோ கண்ணுக்கே தெரியும். அதன் பழைய சக்கரத்தில் 205 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து துளைகள். 1968ஆம் மாதிரி ஆண்டு தொடங்கிப் பெரும்பாலானவற்றில் 130 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு துளைகளே.

ஆகவே பெயரை விடுத்து அளவை நாடுவோம். பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, துளைவட்டம்; அதாவது துளைகளின் நடுப்புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம். நான்கு துளையாயின், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் இடது விளிம்புவரை அளந்தால் விடை கிடைக்கும். ஐந்து துளையாயின் எதிரெதிர்த் துளை இராது. அடுத்தடுத்த இரு துளைகளுக்கிடையே அவ்வாறே அளந்து 1.7ஆல் பெருக்குக. 67.2 மில்லிமீற்றர் கிடைத்தால் துளைவட்டம் ஏறத்தாழ 114.3 ஆகும். இங்கே ஒரு மயக்கம் நேரும். மினியின் 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீற்றர், ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றின் அளவோ 100. வேறுபாடு 1.6 மில்லிமீற்றரே. நட்டை வலிந்து முறுக்கினால் சக்கரம் ஏறிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் வளைந்த நிலையில் பாரம் சுமக்கும், நாளடைவில் முறியும். அடிமட்டத்தைவிட வேணியர் இடுக்கிமானி இதற்கு உகந்தது.

இரண்டாவது, நடுத்துளை. வண்டியின் குடத்தில் சக்கரம் இதனாலேயே நடுவாக அமர்கிறது. டொயோட்டாவின் கொரொல்லா 121, ஹொண்டா பிற் ஆகிய இரண்டும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு துளை உடையவை. எனினும் முன்னதன் நடுத்துளை 54.1, பின்னதன் நடுத்துளை 56.1. டொயோட்டாச் சக்கரம் ஹொண்டாவின் குடத்தில் ஏறாது. ஹொண்டாச் சக்கரம் டொயோட்டாவில் ஏறும். ஆனால் தளர்வாய் நிற்கும், வேகத்தில் அதிரும். அவ்விடைவெளியை நிரப்பச் சரியான அளவுடைய வளையம் இடுதல் வேண்டும்.

மூன்றாவது, உள்வாங்கல். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், குடத்தில் பொருந்தும் முகம் அதிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதே இவ்வளவு. சக்கரத்தின் உட்புறத்தில் ‘ஈ.டீ. 45’ என்பதுபோல இது பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. 45க்குப் பதில் 35 உடைய சக்கரத்தைப் பூட்டினால், சக்கரம் 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளி மட்கார்ட்டை உரசக்கூடும். தாங்கியின்மீது சுமையும் கூடும். எண் மிகுந்தால் உள்ளே நகர்ந்து தடுப்பையோ சுருள்வில்லின் தண்டையோ தொடும்.

நான்காவது, நட்டு. அச்சாணி சிறிதெனினும் வண்டியைக் காப்பது அதுவே என்பதை மாட்டுவண்டிக் காலத்திலேயே நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று அச்சாணியின் இடத்தில் நிற்பது நட்டு. ஹொண்டாவின் தொழிற்சாலைச் சக்கரத்தில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவினது. டொயோட்டாவின் இரும்புச் சக்கரத்தில் அது கூம்பு வடிவினது. இரு வண்டிகளின் நட்டுப் புரியும் ஒன்றே, 12 மில்லிமீற்றருக்கு 1.5. ஆதலால் நட்டு மாறினாலும் தடையின்றி ஏறிவிடும். குழியில் மட்டும் மெல்லிய கோடளவே தொட்டு நிற்கும். அத்தகைய நட்டு ஓட்டத்தில் தளரும். சுசுக்கி, நிசான் கார்கள் பலவற்றின் புரி 1.25, அந்த நட்டை டொயோட்டாவில் முறுக்கினால் புரியே அழியும். சக்கரத்தோடு நட்டையும் மாற்ற நேரலாம் என்பதை மறவாதீர்கள். தடித்த அலோய் சக்கரமாயின், 1.5 புரியுள்ள நட்டுக் கையால் எட்டுச் சுற்றாவது ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, டயரோடு கூடிய முழு உயரம். 175/65, 14 என்னும் டயரின் உயரம் ஏறத்தாழ 583 மில்லிமீற்றர். அதற்கு மாற்றாக 15 அங்குலச் சக்கரத்தில் 185/55 பூட்டினால் உயரம் 585. வேறுபாடு மிகச் சிறிது. அதே சக்கரத்தில் 185/65 பூட்டினாலோ உயரம் 621 ஆகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும். பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்தத் தடுப்பும் கூடுதலாய் உழைக்க வேண்டும்.

இவ்வைந்தும் ஒத்திருப்பினும், விலை பேசி முடிக்குமுன் ஒரு சக்கரத்தை முன்புறத்தில் பூட்டிப் பார்த்தல் நன்று. ஜாக்கியில் நிற்கும்போதே கையால் சுற்றுக; எங்கேனும் உரசும் ஒலி கேட்கிறதா என்று செவிகொடுங்கள். வண்டியை இறக்கியபின் சுக்கானை இரு பக்கமும் முழுதாகத் திருப்புக. பின்னர் நால்வரை ஏற்றி, மேடுபள்ளமுள்ள தோட்டப் பாதையில் மெதுவாகச் செலுத்துக. வெறும் வண்டியில் தொடாத சக்கரம், பாரத்தில் வில் அமுங்கும்போது தொடுவதுண்டு. நட்டுகளை எதிரெதிராக, வண்டியின் கைநூல் கூறும் அளவுக்கு இறுக்குக. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் அவசியம்.

‘இதே மொடல்தான், போட்டுப் பார்க்கலாம்’ என்று விற்பவர் கூறுவது பொய்யாயிராது. அவர் பெயரைச் சொல்கிறார். நாம் கேட்க வேண்டியது அளவை. பழைய சக்கரத்தின் அளவுகளை ஒரு தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அரைமணி நேரம் அளப்பதில் செலவாயினும், அந்தச் சக்கரத்தை நம்பி வெல்லவாய இறக்கத்தில் வண்டியைத் திருப்பும்போது மனத்தில் ஐயம் இராது.