எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் சித்தி மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மனநல வார்டு போஸ்டிங் முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது அவளுடைய ‘ப்ராசஸ் ரெக்கார்டிங்’ நோட்டை வாங்கிப் பார்த்தேன். நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைக்கும் நோட்டு அது. மாணவி சொன்னதற்கு ஒரு கட்டம், நோயாளி சொன்னதற்கு ஒரு கட்டம், அதிலிருந்து என்ன புரிந்தது, எந்த உரையாடல் உத்தியைக் கையாண்டோம் என்று அடுத்தடுத்த கட்டங்கள். ஒரு பக்கத்தில் நோயாளியின் கட்டத்தில் ‘மௌனம்’ என்று மட்டும் இருந்தது. உத்தி என்ற கட்டத்திலும் அதே சொல். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

“பத்து நிமிஷம் அந்த அம்மா பேசவே இல்லக்கா. எனக்குக் கை வேர்த்துக்கிட்டே இருந்துச்சு. அதை எந்தக் கட்டத்துல எழுதுறது?” என்று கேட்டாள்.

செவிலியர் கல்வியில் இது பழைய கேள்வி. 1978இல் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பார்பரா கார்ப்பர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் செவிலியர் கல்வியில் பேசப்படுகிறது. ஒரு செவிலியருக்கு வேண்டிய அறிவு நான்கு வகை என்றார் அவர். அறிவியல் ஒன்று: மருந்தின் அளவு, கிருமி பரவும் வழி, இதயம் துடிக்கும் முறை. அறம் இன்னொன்று. மூன்றாவது, தன்னைத் தானே அறிவது. சித்தி மகளின் வேர்த்த கை இந்த மூன்றாவதில் சேரும். நான்காவதை அழகியல் அறிவு என்றார். அழகியல் என்றதும் சுவரில் மாட்டிய படம் நம் நினைவுக்கு வரும். அவர் சொன்னது வேறு. இந்த ஆளுக்கு, இந்த நிமிடத்தில் என்ன தேவை என்பதை முழுசாக உணர்ந்து, அதற்கேற்பச் செய்வது. ஒரே ஊசியை இரண்டு பேர் போடுகிறார்கள். ஒருவர் போட்டால் குழந்தை கொஞ்சம் அழுது ஓய்ந்துவிடுகிறது. இன்னொருவர் போட்டால் அடுத்த முறை வெள்ளை உடுப்பைக் கண்டாலே அலறுகிறது. ப்ரொசீஜர் ஒன்றுதான், கை வேறு.

அந்தக் கையைப் பாடமாக நடத்த முடியுமா? முடியும் என்றவர்கள் ஓவியக்கூடத்தின் கதவைத் தட்டினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதலில் மருத்துவ மாணவர்களை அங்குள்ள பிரிட்டிஷ் கலைக் காட்சியகத்துக்கு அழைத்துப்போய் ஓவியங்களின் முன் நிறுத்தினார்கள். அதைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளியானது. பிறகு அங்கேயே செவிலியர் மாணவர்களுக்கும் அந்தப் பயிற்சி வந்தது. 2009இல் வெளியான ஆய்வின்படி, ஓவியங்களைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களைப் பார்த்தபோது மற்ற மாணவர்களைவிட அதிகமாகக் கவனித்து எழுதினார்கள். இதுதான் நோய் என்று ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல், வேறு என்னவாக இருக்கலாம் என்றும் யோசித்தார்கள். இவை சிறிய ஆய்வுகள். இந்தப் பழக்கம் பத்து வருடம் கழித்தும் வார்டில் நிற்குமா என்பதற்கு இவற்றில் விடை இல்லை. ஆனாலும் ஓவியம் பார்ப்பது ஏன் உதவுகிறது என்பது எளிதாகப் புரிகிறது.

பிக்காசோ 1897இல், பதினைந்து வயதில் வரைந்த ‘அறிவியலும் கருணையும்’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பார்சிலோனாவில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். அவர் கண் கடிகாரத்தில் இருக்கிறது. அவருக்கு மாடலாக இருந்தவர் பிக்காசோவின் அப்பா. கட்டிலின் மறுபக்கம் ஒரு கன்னியாஸ்திரீ, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நோயாளியிடம் ஒரு கோப்பையை நீட்டுகிறார்.

இந்தப் படத்தின் முன் மாணவிகளை நிறுத்தினால் என்ன நடக்கும்? இந்த மாதிரி வகுப்புகளில் ஆசிரியர் விளக்கவுரை எதுவும் சொல்வதில்லை. என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், அவ்வளவே. உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் வகுத்த முறை இது. “அந்தப் பெண்ணுக்கு ரொம்ப முடியவில்லை” என்று ஒரு மாணவி சொல்வாள். எதைப் பார்த்து என்று கேட்டதும் அவள் மறுபடி படத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் நோயாளியின் கை கண்ணில் படும். நீண்டு, வெளிறி, எலும்பே இல்லாததுபோல் தொங்கும் கை. அந்தக் காலத்து விமர்சகர் ஒருவர், மருத்துவர் கையுறைக்கு நாடி பார்க்கிறார் என்று கேலி செய்தார். ஓவியத்தின் பிழையா, நோயின் அடையாளமா என்று அங்கே ஒரு வாக்குவாதம் தொடங்கும்.

வார்டில் நடப்பதும் இதுதான். “சிஸ்டர், மூணாம் பெட் தாத்தாவுக்கு ஏதோ சரியில்லை” என்று மாணவி வந்து சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்பார். முன்னால் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விடுகிறார், கழுத்துத் தசை இழுக்கிறது, நகம் நீலம் பாரிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடலாம். ‘ஏதோ’ என்பதிலேயே நின்றுவிட்டால் நேரம் போய்விடும். ஓவியத்தின் முன் தப்பாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தைரியமாகத் தப்பு செய்து பழக அது நல்ல இடம்.

பார்ப்பது ஒரு பாதி. பார்த்ததை மனத்தில் சுமந்துகொண்டு விடுதிக்குத் திரும்புவது இன்னொரு பாதி. இறந்தவரின் உடலைச் சுத்தம் செய்வதும் ஒரு ப்ரொசீஜர்தான். கண்களை மூடுவது, தாடையைக் கட்டுவது, பெயர்ச்சீட்டு கட்டுவது என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண் காலையில் அதை முதல்முறையாகச் செய்துவிட்டு, மதியம் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கிறாள். அந்த இரண்டுக்கும் நடுவே அவளுக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்க வேண்டும்.

அதற்காகத்தான் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் பயிற்சி வந்தது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியிலேயே மாணவிகள் நாட்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அவற்றை அவரே வாசித்தார். 1988இல் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் இந்தப் பயிற்சிக்கு ஆறு படிகள் கொண்ட சுழற்சி ஒன்றைத் தந்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாக நடந்தது, எது இல்லை என்று தொடங்கி, அடுத்த முறை என்ன செய்வாய் என்பதில் முடியும். இரண்டாம் படியிலேயே உணர்வுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் படி வந்த இடத்தில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. மார்க் உண்டு என்று தெரிந்ததும் மாணவர்கள் ஆசிரியருக்குப் பிடித்த உணர்வை எழுதுகிறார்கள். நம் ஊரில் இன்னொரு பூட்டும் இருக்கிறது. நோயாளி தமிழில் அழுகிறார், மாணவி தமிழில் தேற்றுகிறாள், நோட்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். தமிழ்வழியில் படித்து வந்த பெண்ணுக்குத் தன் பயத்தைச் சொல்ல அந்த மொழியில் நாலு சொல்தான் இருக்கும். ரெக்கார்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும், வேலைக்கு அது வேண்டும். மனத்தில் பட்டதை எழுதும் பக்கமாவது தமிழில் இருக்கட்டும், அதற்கு மார்க்கும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கலை நம் செவிலியர் மாணவர்களுக்குப் புதிதும் இல்லை. கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு முந்தைய இரவு விடுதித் தரை முழுக்க சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவுமாகக் கிடக்கும். கை கழுவும் படங்கள், தாய்ப்பால் கொடுக்கும் அம்மா, கொசு. மறுநாள் ஊர் மரத்தடியில் நாடகம் போடுகிறார்கள், சில இடங்களில் வில்லுப்பாட்டும் உண்டு. அங்கே அவர்கள் கலை வழியாக மக்களுக்குச் சொல்கிறார்கள். தங்களுக்காக வரையவும் ஒரு சார்ட் தாள் கொடுத்தால் என்ன?

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. ஒரு செவிலியர் தலையில் அளவுக்கு மீறி நோயாளிகளைக் கட்டிவிட்டு, மன அழுத்தமா, போய்ப் படம் வரை என்று சொல்லிவிடுவார்களோ என்று. ஆள் பற்றாக்குறையை ஓவியம் தீர்க்காது. உற்றுப் பார்ப்பதற்கு முதலில் நேரம் வேண்டும்.

அந்த விடுமுறையில் நாங்கள் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தோம். நடராசர் சிற்பத்தின் காலடியில் காரைக்கால் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். சித்தி மகள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நான் பேசவில்லை.

“எலும்பும் தோலுமா இருக்காங்க. வார்டுல பார்த்திருந்தா முதல்ல அதைத்தான் எழுதியிருப்பேன்” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாள். “ஆனா கையைப் பாருங்கக்கா. தாளம் போடுறாங்க.”