இன்ஜின் சூட்டில் குளிரும் அறை

ஓடுகிற இன்ஜின், குடிக்கும் எரிபொருளில் பாதிக்கு மேல் சூடாகவே வெளியே தள்ளிவிடும். அந்தச் சூட்டை வீட்டுக்குள் பிடித்துவைக்கப் பார்த்தவர்களில் ஜப்பானியர்களும் உண்டு. ஹோண்டா இன்ஜினை வைத்து 2003இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'எகோவில்' என்னும் பெட்டி, இயற்கை எரிவாயுவில் ஓடி 1 கிலோவாட் மின்சாரம் தந்தது. வெப்பமோ அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்து குளிப்பது அவர்களுக்கு அன்றாட வழக்கம். அதனால் அத்தனை வெப்பத்துக்கும் வீட்டிலேயே வேலை இருந்தது.

கோடையில் அந்தச் சூட்டை என்ன செய்வது? அதைக் கொண்டே குளிரூட்டலாம். அதற்கான 'சில்லர்' என்னும் குளிரூட்டும் இயந்திரத்தில் கம்ப்ரசர் கிடையாது. காற்றை எடுத்துவிட்ட கலத்துக்குள் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலத்தின் குழாய்களில் ஓடும் நீரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். 12 டிகிரி வாக்கில் நுழைந்த குழாய்நீர் 7 டிகிரியில் வெளியேறி அறைகளைக் குளிர்விக்கப் போகும். ஆவி சேர்ந்துகொண்டே போனால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடுமே! அதற்குத்தான் லித்தியம் புரோமைடு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த உப்புக்கு ஈரத்தின் மேல் அதைவிடப் பேராசை. ஆவியை விடாமல் இழுத்துக்கொள்ளும். அப்படி நீர்த்துப்போன கரைசலை இன்ஜினிலிருந்து வரும் 80, 90 டிகிரி வெந்நீர் சுடவைத்து, குடித்த நீரைக் கக்கவைக்கும். அது குளிர்ந்து மீண்டும் முதல் கலத்துக்கே வரும். மின்சாரம் கேட்பவை சிறு பம்புகள் மட்டுமே.

1 கிலோவாட் பெட்டிக்கு இது கட்டுப்படியாகாது. 35 கிலோவாட் எரிவாயு இன்ஜின் என்றால் கணக்கு ஒத்துவரும். எரிவாயுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம், பாதி வெந்நீர். அதாவது சுமார் 50 கிலோவாட் வெப்பம். அதில் பத்துக்கு ஏழு வீதம் குளிர்ச்சியாகத் தேறும். ஆக 10 டன் ஏசி. ஜப்பானின் யசாக்கி நிறுவனம் வெந்நீரில் ஓடும் 10 டன் சில்லரையே தயாரிக்கிறது. குளிர்காலத்தில் சில்லரை நிறுத்திவிட்டு, அதே வெந்நீரை அறைகளைச் சூடாக்க விட்டுவிடலாம்.

ஆனால் சாதாரண ஏசி 1 கிலோவாட் மின்சாரத்துக்கு மூன்று கிலோவாட் குளிர்ச்சி தந்துவிடும். எனவே குளிருக்கென்றே எரிவாயுவை எரிப்பது வீண். வீணாகப் போகிற சூடு இருந்தால்தான் இந்த ஏற்பாட்டில் லாபம். இரவுபகலாக வெந்நீரும் குளிரும் கேட்கும் மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மாலையில் பூட்டிவிடும் அலுவலகத்துக்கு மாட்டேன். இன்ஜினின் அளவைக் கரன்ட் பில்லைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, வெப்பத் தேவையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மொட்டைமாடியில் கூலிங் டவருக்கு இடமும் அதற்குத் தண்ணீரும் ஒதுக்க வேண்டும். அறையில் எடுத்த சூடு, இன்ஜின் கொடுத்த சூடு இரண்டும் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன.